காணாமல் போன 'ஆம்': ஒரு கைதுச் செய்தியின் நிகழ்வு ஆய்வு

உள்ளூர்ச் செய்தித் தளம் ஒன்றில், நிருபர்கள் அனுப்புவதைத் திருத்தி ஏற்றும் டெஸ்க்கின் பொறுப்பில் நான் இருந்தபோது நடந்தது இது. கைதாகாத ஒருவரைக் கைதானவர் என்று எழுதினோம். 36 நிமிடத்தில் மாற்றிவிட்டோம். மாற்றியதும் வேலை முடிந்தது என்று நினைத்தோம். அது முடியவில்லை என்பதை அந்த மனிதரே நேரில் வந்து எங்களுக்குக் காட்டினார்.

தளத்தின் பெயர், ஊர், அந்த மனிதரின் பெயர் எதையும் இங்கே சொல்லப்போவதில்லை. ஆனால் எந்தச் சொல் யார் கையில் மாறியது என்பதை ஒன்று விடாமல் சொல்கிறேன். செய்தித் தளங்களின் பிழை என்றதும் ஒற்று விட்டுப்போனது, 'ல'வும் 'ள'வும் இடம் மாறியது என்றுதான் பேச்சு தொடங்குகிறது, பெரும்பாலும் அங்கேயே முடிந்தும் விடுகிறது. நான் சொல்லும் நிகழ்வில் அப்படி ஒரே ஒரு எழுத்துப்பிழைதான் இருந்தது. மற்றபடி வாக்கியங்கள் சுத்தமாக இருந்தன. எங்கள் டெஸ்க் அந்தச் செய்தியை நன்றாகத் திருத்தியிருந்தது. அந்தத் திருத்தத்தில்தான் அது பொய்யானது.

நடந்தது

ஒரு முதலீட்டு மோசடி வழக்கு. பலரிடம் பணம் வாங்கி ஏமாற்றிய நிறுவனத்தைப் பற்றி நாங்கள் ஏற்கெனவே மூன்று நான்கு செய்திகள் போட்டிருந்தோம். வாசகர்கள் விடாமல் தொடர்ந்த விஷயம். அன்று மாலை 6:42க்கு எங்கள் பகுதிநேர நிருபரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. அவர் எழுதியது இதுதான்:

"இன்வெஸ்ட்மென்ட் கேஸ்ல டியூஷன் சென்டர்காரரையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்களாம். அரெஸ்டுன்னு வெளிய பேசிக்கிறாங்க. கேட்டுட்டுச் சொல்றேன்."

6:51க்கு எங்கள் தளத்தில் ஏறியது இது:

"முதலீட்டு மோசடி வழக்கில் தனியார் பயிற்சி மைய உரிமையாளர் கைது செய்யப்பட்டார். அவரிடம் போலீசார் தீவிர விசாரணை நடத்தி வருகின்றனர்."

அதன் கீழே அவர் பெயர், பயிற்சி மையத்தின் பெயர், பழைய செய்திகளிலிருந்து எடுத்து ஒட்டிய இரண்டு பத்திகள். மேலே அவருடைய படம். 6:53க்கு செயலி வைத்திருந்த எல்லோருடைய போனிலும் அறிவிப்பு போய்ச் சேர்ந்தது.

எழுதியவர் வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு ஆகாத சப் எடிட்டர். ஆனால் இதை அவர் மேல் போட முடியாது. ஏற்றுவதற்கு முன் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "உறுதியா?" என்று நான் கேட்கவில்லை. "படம் இருக்கா?" என்று கேட்டேன். "அவங்க பேஜ்லயே இருக்கு சார்" என்றார். "சரி, போடு" என்றேன்.

அந்தப் படம் ஒரு பரிசளிப்பு விழாவில் எடுத்தது. அவரை மட்டும் வெட்டி எடுத்திருந்தோம். ஆனாலும் இடது ஓரத்தில் பரிசு வாங்கிய சிறுவனின் தோளும், சான்றிதழைப் பிடித்திருந்த கையும் படத்துக்குள் மிச்சமிருந்தன. அந்தச் சிறுவனின் பெற்றோர் அந்தத் தோளை அடையாளம் கண்டார்கள் என்பது எங்களுக்கு மறுநாள் தெரிந்தது.

7:24க்கு நிருபர் போனில் வந்தார். குரலிலேயே பதற்றம். "சார், அரெஸ்ட் இல்ல சார். அவரும் பணம் போட்டு ஏமாந்தவரு. புகார் கொடுக்கத்தான் போயிருக்காரு." 7:27க்கு தலைப்பையும் செய்தியையும் மாற்றினோம்.

சொல் எங்கே போனது

நிருபரின் மூன்று வாக்கியங்களை மறுபடி படித்துப் பாருங்கள். அவர் பொய் சொல்லவே இல்லை. முதல் வாக்கியத்தில் 'போயிருக்காங்களாம்' என்கிறார். தான் பார்க்கவில்லை, கேள்விப்பட்டேன் என்பதை அந்த ஒற்றை 'ஆம்' சொல்லிவிடுகிறது. இரண்டாவதில், கைது என்பது வெளியே நிற்பவர்களின் பேச்சு என்று தெளிவாகப் பிரித்து வைக்கிறார். மூன்றாவதில், இன்னும் விசாரிக்கவில்லை, விசாரித்துவிட்டுச் சொல்கிறேன் என்கிறார். ஒரு நிருபர் இதற்கு மேல் நேர்மையாக எழுத முடியாது.

நாங்கள் என்ன செய்தோம்? பேச்சு வழக்கை எழுத்து வழக்காக்கினோம். டெஸ்க் வேலையில் பாதி அதுதான். 'கூட்டிட்டுப் போயிருக்காங்க' என்பது 'அழைத்துச் செல்லப்பட்டார்' ஆகும். 'அரெஸ்ட்' 'கைது' ஆகும். கை தானாகச் செய்யும் வேலை. அப்படிச் செய்யும்போது 'ஆம்' எழுத்து வழக்கில் நிற்காது. 'கைது செய்யப்பட்டாராம்' என்று செய்தியில் எழுதினால் திண்ணைப் பேச்சு மாதிரி இருக்கும். அதனால் அது உதிர்ந்துவிடும். 'பேசிக்கிறாங்க' என்பதும் அப்படியே போனது. மூன்றாவது வாக்கியம் எங்களுக்குச் சொன்னது, வாசகருக்கு அல்ல என்று நாங்களே முடிவு செய்து விட்டுவிட்டோம். சந்தேகத்தைக் காட்டிய மூன்று இடங்களும் மொழிநடையைச் சரிசெய்யும்போதே போய்விட்டன. எஞ்சியது உறுதியான இரண்டு வாக்கியங்கள்.

இன்னொன்றும் உண்டு. 'தீவிர விசாரணை' என்று எழுதினோமே, அது எங்கிருந்து வந்தது? நிருபர் சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை. கைதுச் செய்தி என்றால் இரண்டாவது வாக்கியம் அப்படித்தான் இருக்கும் என்ற பழக்கத்தில் வந்தது. 'சம்பவ இடத்திலேயே பரிதாபமாக உயிரிழந்தார்', 'பெரும் பரபரப்பு ஏற்பட்டது', 'அப்பகுதியில் சோகத்தை ஏற்படுத்தியது' எல்லாம் இதே ரகம்தான். விபத்தில் அடிபட்டவர் மருத்துவமனையில் இறந்திருப்பார். ஆனால் விரல்கள் 'சம்பவ இடத்திலேயே' என்று தட்டிவிட்டுத்தான் நிற்கும். இவற்றை நடைக்குறை என்று மட்டும் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தச் செய்திக்குப் பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. யாரும் பார்க்காத ஒன்றை நடந்ததாகச் சொல்லும் வாக்கியம் ஒவ்வொன்றும் தகவல் பிழைதான்.

ஒரு தகவல் கைமாறும்போது அதன் சந்தேகம் உதிர்ந்துபோவது சின்னத் தளங்களுக்கு மட்டும் நேர்வதல்ல. 2006 ஜனவரி 2 அன்று அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் சேகோ நிலக்கரிச் சுரங்கத்தில் வெடிப்பு நடந்து 13 பேர் உள்ளே சிக்கினார்கள். மறுநாள் நள்ளிரவை ஒட்டி 12 பேர் உயிரோடு இருப்பதாகச் செய்தி பரவியது. குடும்பங்கள் காத்திருந்த தேவாலயத்தில் மணி அடித்துக் கொண்டாடினார்கள். ஏறத்தாழ மூன்று மணி நேரம் கழித்துத்தான் உண்மை தெரிந்தது. 12 பேர் இறந்திருந்தார்கள், ஒருவர் மட்டுமே உயிரோடு இருந்தார். சுரங்கத்துக்குள் இருந்த மீட்புக் குழு சொன்னது, வழியில் பலர் காது மாறி வாய் மாறி மேலே வந்து சேர்ந்தபோது தலைகீழாகியிருந்தது. அதற்குள் பல நாளிதழ்கள் ஜனவரி 4 காலைப் பதிப்பை மகிழ்ச்சித் தலைப்போடு அச்சடித்துவிட்டன. யார் நேரில் பார்த்தது, யார் கேட்டது, யார் கேட்டதைக் கேட்டது என்று ஒவ்வொரு கண்ணியிலும் ஒருவர் கேட்டிருந்தால் அந்தத் தலைப்பு ஏறியிருக்காது.

அப்புறம், சரிபார்த்தோம் என்று சொல்வதற்கும் சரிபார்ப்பதற்கும் தூரம் அதிகம். 2013 ஜூலை 6 அன்று ஏசியானா விமானம் 214 சான் ஃபிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் தரையிறங்கும்போது நொறுங்கியது. ஆறு நாள் கழித்து, கேடிவியு என்ற உள்ளூர்த் தொலைக்காட்சி விமானிகளின் பெயர்கள் என்று நான்கு பெயர்களை மதியச் செய்தியில் வாசித்தது. நான்கும் யாரோ கட்டிவிட்ட கேலிப் பெயர்கள். வாய்விட்டு ஒரு தடவை படித்திருந்தால் புரிந்திருக்கும். இத்தனைக்கும் அவர்கள் சரிபார்க்காமல் போடவில்லை. தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்துக்கே போன் செய்து கேட்டிருக்கிறார்கள். மறுமுனையில் ஆமாம் என்று சொன்னது கோடைக்காலப் பயிற்சிக்கு வந்திருந்தவர். அவர் பொறுப்பு என்ன, இதைச் சொல்லும் அதிகாரம் அவருக்கு உண்டா என்று கேட்கவே இல்லை. பெயர்களை வாய்விட்டுப் படிக்கவில்லை, பேசியவரின் பதவியைக் கேட்கவில்லை என்று அந்த நிலையமே பிறகு ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது.

அந்த இரண்டு வழியையும் நான் மனதில் குறித்து வைத்துக்கொண்டேன். வாய்விட்டுப் படிப்பது, சொன்னவர் யார் என்று கேட்பது. இரண்டுக்கும் பணச்செலவு கிடையாது, ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாது.

36 நிமிடமும் அதற்குப் பின்பும்

7:27க்கு நாங்கள் செய்தது, இப்போது நினைத்தால், முதல் தவறைவிடப் பெரிய தவறு. தலைப்பில் 'கைது' என்பதை எடுத்துவிட்டு 'விசாரணை' என்று போட்டோம். செய்தியில் இரண்டு வாக்கியத்தை மாற்றினோம். படத்தை எடுத்தோம். முன்பு தவறாக எழுதியிருந்தோம் என்று எங்கேயும் சொல்லவில்லை.

அச்சில் இது முடியாது. தாள் வீட்டுக்குப் போய்விட்டால் போனதுதான். மறுநாள் 'திருத்தம்' என்று போட்டே ஆகவேண்டும். தளத்தில் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம் என்பதால் மாற்றிவிடுகிறோம். அந்த வசதியே எங்களை நேர்மையிலிருந்து நகர்த்தியது. 'விசாரணை' என்ற சொல்லும் பாதி உண்மைதான் என்பதை அப்போது கவனிக்கவில்லை. புகார் கொடுக்கப் போனவரைப் பற்றி 'விசாரணை' என்று தலைப்புப் போட்டால் படிப்பவர் என்ன நினைப்பார்? கைது இல்லை, ஆனால் ஏதோ இருக்கிறது என்றுதான்.

அதற்கும் மேல், நாங்கள் மாற்றியது எங்கள் பக்கத்தை மட்டும்தான். அறிவிப்பாகப் போன வரி ஒவ்வொரு போனிலும் அப்படியே நின்றது. அதைத் திரும்ப இழுக்க எங்களிடம் வழியில்லை. வாட்ஸ்அப்பில் ஒருவர் லிங்க் அனுப்பும்போது கூடவே போகும் தலைப்பும் படமும் அனுப்பிய நேரத்தில் எடுத்துக்கொண்டவை. நாங்கள் பக்கத்தை மாற்றினாலும் குழுவுக்குள் கிடக்கும் பழைய தலைப்பு மாறாது. ஃபேஸ்புக் ஒருமுறை எடுத்த முன்னோட்டத்தைச் சேமித்து வைத்துக்கொள்ளும். மறுபடி எடுக்கச் சொன்னால்தான் புதியது வரும். அப்படிச் சொல்ல ஒரு கருவி இருப்பதே அன்று எங்கள் டெஸ்க்கில் யாருக்கும் தெரியாது. தேடுபொறி மறுபடி வந்து பக்கத்தைப் படிக்கும்வரை பழைய தலைப்பைத்தான் காட்டும். பக்கத்தின் முகவரியில் ஆங்கில எழுத்துகளில் 'கைது' என்ற சொல் இருந்தது. தலைப்பு மாறினாலும் முகவரி மாறவில்லை. அந்த லிங்க்கை யார் எங்கே ஒட்டினாலும் அந்தச் சொல் கூடவே போனது. இதற்கிடையில் வேறு இரண்டு தளங்கள் எங்கள் செய்தியை அப்படியே எடுத்துப் போட்டுவிட்டன.

மூன்றாம் நாள் அவர் அலுவலகத்துக்கு வந்தார். ஐம்பதைத் தாண்டிய மனிதர். சத்தம் போடவில்லை. போனை என் மேசையில் வைத்து ஒரு ஸ்க்ரீன்ஷாட்டைக் காட்டினார். எங்கள் அறிவிப்பு வரி. அடுத்து எங்கள் பக்கத்தைத் திறந்து காட்டினார், மாற்றிய செய்தி. பிறகு கேட்டார்:

"மாத்திட்டீங்க தம்பி, சரி. மாத்தினோம்னு எங்க சொல்லியிருக்கீங்க? நான் ஒவ்வொருத்தர்கிட்டயும் போய், அது தப்பான செய்திங்கன்னு சொல்றேன். அவங்க உங்க பக்கத்தத் தொறந்து பாக்குறாங்க. அதுல விசாரணைன்னு இருக்கு. அப்ப நான்தான் பொய் சொல்றேன்னு ஆகுதுல்ல?"

நான் பதில் சொல்லவில்லை. சொல்ல ஒன்றும் இல்லை. ஐந்து பிள்ளைகளை அதற்குள் அவருடைய பயிற்சி மையத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்றார். பணத்தையும் இழந்து, இழந்தேன் என்று புகார் கொடுக்கப் போனவருக்கு எங்களால் இதுவும் நேர்ந்திருந்தது.

அன்று மாலையே திருத்தம் போட்டோம். இந்தச் செய்தியில் இவர் கைது செய்யப்பட்டதாகத் தவறாக எழுதியிருந்தோம், அவர் குற்றம் சாட்டப்பட்டவர் அல்ல, பாதிக்கப்பட்டுப் புகார் அளித்தவர், இந்தத் தவறுக்கு வருந்துகிறோம் என்று. மறுநாள் காலை அவர் போன் செய்தார். "தம்பி, என் பேரப் போட்டுத் தேடினா அது வரலயே."

எங்களுக்கு முதலில் புரியவில்லை. அவர் பெயர் 'கௌ' என்று தொடங்கும். அது ஒரே எழுத்து. திருத்தத்தில் நாங்கள் 'கெ' அடித்து அடுத்து 'ள' அடித்திருந்தோம். 'கௌரவம்' என்பது எத்தனையோ தளங்களில் 'கெளரவம்' என்றும், 'ஔவை' 'ஒளவை' என்றும் கிடப்பது இப்படித்தான். கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும். கணினிக்கு அது வேறு சொல். பழைய செய்தியில் பெயர் சரியாக இருந்தது, அவருடைய பக்கத்திலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியதால். திருத்தத்தை மட்டும் நாங்களே தட்டச்சு செய்தோம். அதனால் அவர் பெயரைத் தேடியவர்களுக்குத் தவறான செய்தி கிடைத்தது, திருத்தம் கிடைக்கவில்லை. இந்த ஆய்வின் தொடக்கத்தில் நான் சொன்ன அந்த ஒரே எழுத்துப்பிழை இதுதான். எழுத்துப்பிழை சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் எனக்கு அவர் குரல்தான் கேட்கிறது.

பிறகு செய்தது

முதலில் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் போட்டோம். இருபதுக்கும் மேற்பட்ட கேள்விகள். இரண்டு வாரத்தில் எல்லோரும் எல்லாக் கட்டத்திலும் டிக் போடப் பழகிவிட்டார்கள், படிக்காமலே. அதை எடுத்துவிட்டோம்.

நின்றது வேறொன்று. நிருபர் அனுப்பும் ஒவ்வொரு தகவலுக்கும் மூன்றில் ஒரு சொல்லைச் சேர்க்க வேண்டும் என்றோம்: 'பார்த்தேன்', 'சொன்னார்', 'கேள்வி'. 'சொன்னார்' என்றால் யார், என்ன பொறுப்பில் இருப்பவர் என்பதும் வேண்டும். டெஸ்க்கில் உள்ளவர் நடையை எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம், ஆனால் அந்தச் சொல்லின் பொருள் இறுதி வாக்கியத்தில் இருந்தாக வேண்டும். 'ஆம்' என்பதற்குப் பதிலாக எல்லாவற்றையும் 'கூறப்படுகிறது' என்று மாற்றுவதையும் நிறுத்தினோம். யார் கூறுகிறார் என்று சொல்லாத 'கூறப்படுகிறது' வதந்திக்குச் சட்டை போட்டு அனுப்புவது மாதிரி. அன்றைய செய்தியை இந்த முறையில் எழுதியிருந்தால் இப்படி வந்திருக்கும்: "பயிற்சி மைய உரிமையாளர் ஒருவரைக் காவல்துறையினர் அழைத்துச் சென்றதாக அங்கிருந்தவர்கள் தெரிவித்தனர். காவல்துறை இதை உறுதி செய்யவில்லை." பெயர் இல்லை, படம் இல்லை. இப்படி எழுதிப் பார்த்தால் அடுத்த கேள்வி தானாக வருகிறது: இதில் இப்போதே போடுவதற்கு என்ன இருக்கிறது? அந்தக் கேள்வி வந்தால் போதும், பாதிச் செய்திகள் உறுதியாகும்வரை காத்திருக்கும்.

எழுதியவரே ஏற்றக்கூடாது என்ற விதியை எல்லாச் செய்திக்கும் வைக்க எங்களிடம் ஆள் இல்லை. ஒரு ஷிஃப்டுக்கு இரண்டு பேர்தான். பெரிய இடங்களிலேயே மெய்ப்புப் பார்க்கும் கைகள் குறைந்துவருகின்றன. நியூயார்க் டைம்ஸே 2017இல் தனியாக இருந்த பிழைதிருத்தப் பிரிவைக் கலைத்தது. எனவே சாவு, கைது, பாலியல் குற்றம், குழந்தைகள் ஆகிய நான்குக்கு மட்டும் இரண்டாவது ஆள் பார்க்க வேண்டும், வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்று வைத்தோம். இரவு ஷிஃப்டில் ஒருவர் மட்டும் இருந்தால் என்னைப் போனில் எழுப்பிப் படித்துக் காட்டுவார். பல இரவு எழுந்திருக்கிறேன். 'குற்றவாளி' என்று எழுதியிருப்பதைக் காதால் கேட்கும்போதுதான், தீர்ப்பே வரவில்லையே, 'குற்றம் சாட்டப்பட்டவர்' அல்லவா என்று உறைக்கும். கண் அதைத் தாண்டிப் போய்விடும்.

திருத்தம் பற்றிய விதி சுலபமானது. செய்தியின் மேலேயே, என்ன தவறு, எது சரி, எப்போது மாற்றினோம் என்று வரும். அறிவிப்பாகப் போன தவறுக்கு அறிவிப்பாகவே திருத்தம் போகும். பகிர்ந்த இடங்களிலெல்லாம் திருத்தத்தையும் பகிர வேண்டும், எடுத்துப் போட்ட தளங்களுக்கு எழுத வேண்டும். எங்கள் நிர்வாகத்துக்கு இது பிடிக்கவில்லை. தவறை நாமே ஊருக்கெல்லாம் சொல்வதா என்றார்கள். நான் அவர்களுக்கு ஒரு பழைய திருத்தத்தைக் காட்டினேன். சுதந்திர மனிதராகப் பிறந்து, 1841இல் கடத்தப்பட்டு அடிமையாக விற்கப்பட்ட சாலமன் நார்த்தப் என்பவரைப் பற்றி நியூயார்க் டைம்ஸ் 1853 ஜனவரி 20 அன்று எழுதிய செய்தியில் அவர் பெயரைத் தலைப்பில் ஒரு மாதிரியும் உள்ளே இன்னொரு மாதிரியும் தவறாக அச்சிட்டிருந்தது. ஒரு வாசகர் ட்விட்டரில் சுட்டிக்காட்டிய பிறகு 2014 மார்ச் 4 அன்று அதற்குத் திருத்தம் வெளியிட்டார்கள். 161 ஆண்டுகள். வழக்குப் போட யாரும் உயிரோடு இல்லை. ஒரு மனிதரின் பெயர் தங்கள் பக்கத்தில் தவறாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகச் செய்தார்கள்.

நிர்வாகம் அரைமனதோடு ஒப்புக்கொண்டது. முதல் மாதத்தில் எங்கள் பக்கத்தின் மேலே நிறையத் திருத்தங்கள் தெரிந்தன. எனக்கே கூச்சமாக இருந்தது. முன்பு அவையெல்லாம் இல்லாமல் இல்லை, யாருக்கும் காட்டாமல் மாற்றிக்கொண்டிருந்தோம்.

அந்தச் செய்தியை எடுத்துப் போட்ட இரண்டு தளங்களில் ஒன்று, நாங்கள் எழுதியதும் நீக்கிவிட்டது. மற்றொன்றிடமிருந்து பதிலே இல்லை. நான் அந்த வேலையை விட்டு வந்த பிறகும் என் சொந்த முகவரியிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். போன மாதம் ஏழாவது முறையாக எழுதினேன், அவர் கொடுத்த புகார் ரசீதின் நகலை அவருடைய அனுமதியோடு இணைத்து. நேற்றிரவு தேடிப் பார்த்தேன். 'கைது' என்ற தலைப்போடு, ஓரத்தில் அந்தச் சிறுவனின் தோள் தெரியும் படத்தோடு, அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.